இரண்டு துரைமார்களுக்கு நடுவில் ஒரு மாப்பிள்ளை

நான் பிரெஞ்சு படித்தது பிரெஞ்சுக்காரனோடு பேசுவதற்காக இல்லை. மார்க்குக்காக. திருச்சியில் காலேஜில் சேர்ந்தபோது, தமிழை எடுத்தால் தமிழ் வாத்தியார் உயிரை எடுப்பார், சமஸ்கிருதத்தை எடுத்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், பிரெஞ்சை எடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுபது மார்க் போடுவார்கள் என்று மேல் வகுப்புக்காரர்கள் சொன்னார்கள். எடுத்தேன். போட்டார்கள். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே பிரான்ஸைக் கண்ணால் கண்டவர் இல்லை. அந்தப் பாஷையை நிஜ மனிதர்கள் வாயைத் திறந்து பேசுகிறார்கள் என்பது, யுத்தம் முடிந்த மறு வருஷம்தான் எனக்கு உறைத்தது.

அப்போது நான் பெரம்பலூர் தாலுக்கா ஆபீஸில் ஆக்டிங் குமாஸ்தா. நீண்ட லீவில் போன ஒருவருடைய நாற்காலியில், அவர் திரும்பி வந்துவிடுவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதற்குப் பெயர்தான் ஆக்டிங். எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ஆனால் மனைவி என்னோடு இல்லை. முதல் ஆடிக்கு அவளைக் குரும்பலூரில் உள்ள தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆடிக்கு அழைத்த பெண்ணை ஆவணியில் திருப்பி அனுப்புவது ஊர் வழக்கம். இரண்டு ஆவணி வந்து போய்விட்டது.

மாமனார் நிலபுலன் உள்ளவர். குரல் மட்டும் வெண்ணெய் மாதிரி இருக்கும். "உத்தியோகம் நெலையாவட்டும் மாப்ளே. நீங்க ஓட்டல்ல சாப்புடுறீங்க, எம்பொண்ணும் ஓட்டல்லயா சாப்புடுவா?" என்பார். மாதம் ஒரு தரம் போவேன். விருந்தாளி போல உட்கார்த்தி வைத்து வடை பாயசத்தோடு சாப்பாடு போடுவார்கள். கதவுக்குப் பின்னால் அவளுடைய வளையல் சத்தம் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவேன். வயிறு நிறைந்திருக்கும், மனசு பற்றி எரியும்.

இந்த நிலைமையில்தான் அரியலூருக்கு இரண்டு வெள்ளைக்காரர்கள் கல் பொறுக்க வந்தார்கள். அந்தப் பூமி ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். கல்லங்குறிச்சி ஓடையில் இறங்கினால் கல்லாய்ப் போன சிப்பியும் நத்தையும் காலை இடறும். எங்கள் ஜனங்கள் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. வந்தவர்களில் ஒருவர் பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர். அங்கே இந்தக் கற்களை வைத்து ஒரு காட்சிசாலை திறக்க நினைத்தவர். இன்னொருவர் அமெரிக்கர். யுத்தத்தின்போது கல்கத்தாப் பக்கம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பும் முன் ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தவர். பிரெஞ்சுக்காரருக்கு இங்கிலீஷ் வராது. அமெரிக்கருக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. நடுவில் ஓர் ஆள் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தாசில்தார் என் சர்ட்டிபிகேட்டைப் புரட்டினார்.

"என்னய்யா, பிரெஞ்சுல எழுவத்திரெண்டா? தெரியும்னு சொல்லவே இல்ல?"

"தெரியாதுங்க சார். மார்க்கு மட்டுந்தான்."

"அது போதும், போ. அவங்க ஒன்னப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுத்தா, வேலைய நெலையாக்கச் சொல்லி நானும் மேல எழுதுறேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அரியலூர் என்ன, இமயமலைக்கே நடந்து போயிருப்பேன்.

முதல் நாள் இரண்டு பேரும் தாசில்தாரைப் பார்க்க பெரம்பலூருக்கு வந்தார்கள். பிரெஞ்சுக்காரர் முன்னால் வந்தார். வாசலில் தோள்பட்டையோடு நின்ற டவாலிச் சேவகருக்குக் கை கொடுத்து, "போன்ஜூர், மொஸ்யே", அதாவது வணக்கம் ஐயா, என்றார். பிறகு முதல் மேஜைக் குமாஸ்தா. கை கொடுத்தல், போன்ஜூர் மொஸ்யே. பிறகு இரண்டாவது மேஜை. இப்படி ஆபீஸில் இருந்த பதினோரு பேருக்கும். வரவேற்க எழுந்து நின்ற தாசில்தார், தன் முறை வராததால் உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். டவாலியோ, துரை தொட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் சாயங்காலம் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அமெரிக்கர் வந்தார் பாருங்கள், மொத்த ஆபீஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு "ஹலோ!" நேரே உள்ளே போய், சுவரில் இருந்த பலகையைப் படித்து, இனிஷியலையும் பட்டத்தையும் தள்ளிவிட்டு, தாசில்தாரை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தப் பெயரை அவருடைய அம்மா காலமான பிறகு யாரும் சொன்னதில்லை. அவர் சம்சாரம், அதே பெயருள்ள சாமியின் கோயிலைக்கூட "அந்தக் கோயில்" என்றுதான் சொல்லுவார். ஆபீஸில் பேனா ஓடும் சத்தம் நின்றுவிட்டது.

தாசில்தார் என்னை ஓரமாக அழைத்தார். "என்னய்யா இது, பேரச் சொல்லிக் கூப்புடுறான்?"

"அவங்க ஊர்ல அதுதாங்க சார் மரியாதை."

"அப்ப அந்த ஆளு டவாலிக்கு மொதல்ல கை குடுத்தாரே?"

"அவரு ஊர்ல அதுதாங்க மரியாதை."

"ரெண்டு ஊர் மரியாதையிலயும் எனக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல போலருக்கே!" என்றார்.

அரியலூர் கடைத்தெருவில் நான் பட்ட பாடு தனி. பிரெஞ்சுக்காரர் கயிறு வாங்கப் போவார். போனவர் கயிறு என்று கேட்கமாட்டார். போன்ஜூர் சொல்லிவிட்டு நிற்பார். கடைக்காரர் பதிலுக்கு வணக்கம் சொல்லும்வரை நிற்பார். கடைக்காரருக்கோ வியர்த்துவிடும். "என்ன வேணும்னு கேளுங்க தம்பி, எதுக்கு இவரு மொறச்சிக்கிட்டு நிக்கிறாரு? நாலு நாளா எடையிலகூட கை வெக்கலையே நானு!" என்று புலம்புவார். அமெரிக்கர் அதற்குள் எதிர்க் கடையில் புகுந்து, கயிற்றை எடுத்து, பணத்தை வைத்துவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெளியே வந்திருப்பார். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. தபால்காரரைப் பார்த்துச் சிரிப்பார், எருமை மாட்டைப் பார்த்துச் சிரிப்பார், குடத்தோடு வருகிற பெண்களைப் பார்த்தும் சிரிப்பார். "இந்த ஆளுக்கு என்னடி வேண்டுதலா, இப்புடி இளிச்சிக்கிட்டே திரியிறான்?" என்று அவர்கள் பாதையை மாற்றிப் போனார்கள். பிரெஞ்சுக்காரர் காரணமில்லாமல் உதட்டைக்கூட அசைக்கமாட்டார். அதனால் ஊர் அவரைப் பெரிய மனுஷன் என்று முடிவு கட்டியது.

நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கண்ட நிமிஷத்தில், "கல்யாணம் ஆயிடுச்சா? எத்தன புள்ளைங்க? ஏன், அதோட நிறுத்திட்டீங்க?" அமெரிக்கருக்கு இந்தக் கேள்விகள் வெல்லக்கட்டி. பையிலிருந்து போட்டோவை எடுத்துக் காட்டி, முதல் சம்சாரம் விட்டுப் போனதையும் இரண்டாவது கட்டியதையும் கல் ஏற்ற வந்த மாட்டு வண்டிக்காரரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அதே கேள்வியை வண்டிக்காரர் பிரெஞ்சுக்காரரிடம் கேட்டதும் அவர் காது சிவந்துவிட்டது. "இவருக்கும் எனக்கும் யாராவது அறிமுகம் செய்து வைத்தார்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் வண்டிக்காரரிடம், "ரெண்டு புள்ளைங்களாம், சௌக்கியமா இருக்காங்களாம்" என்று நானே இரண்டு பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்தேன்.

அவர்கள் தங்கியது முசாபரி பங்களாவில், சர்க்கார் பயணிகள் விடுதியில். அங்கே சமையலுக்கு ஒரு பாய் இருந்தார், ஐம்பது வயசு. பிரெஞ்சுக்காரர் மத்தியானம் மேஜையில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கமாட்டார். சூப், பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. நடுவில் வேலைப் பேச்சை எடுத்தால் முறைப்பார். அமெரிக்கரோ இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் எதையாவது வைத்துக்கொண்டு ஓடையில் நடந்தபடியே தின்பார். நடந்துகொண்டே தின்பது ஆடு மாடுகள் செய்கிற காரியம் என்பது பிரெஞ்சுக்காரரின் கட்சி. "யா அல்லா! ஒருத்தர் ஒக்காந்தா எந்திரிக்க மாட்டேங்கறாரு, இன்னொருத்தர் ஒக்காரவே மாட்டேங்கறாரு. நான் யாருக்குத் தட்டு வெக்கிறது தம்பி?" என்று பாய் தலையில் கை வைப்பார்.

மேஜையில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளும்போதுதான் என் உயிர் போகும். ஒரு நத்தைக் கல்லைப் பற்றிப் பேச்சு வரும். பிரெஞ்சுக்காரர் மேஜையைத் தட்டி, "சுத்த முட்டாள்தனம்!" என்று கத்துவார். அவருக்கு அது சந்தோஷம். சாப்பிடும்போது சண்டை போடாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது போலவே இராது. அமெரிக்கருக்கோ முகம் சுண்டிப்போகும். வெளியே வந்து, "அவர் ஏன் என்னை வெறுக்கிறார்?" என்று என்னிடம் கேட்பார். பார்த்தேன், இது ஆகாது என்று மொழிபெயர்ப்பில் கையை வைத்தேன். பிரெஞ்சுக்காரர் "முட்டாள்தனம்" என்றால், "இது யோசிக்க வேண்டிய விஷயம்" என்று இங்கிலீஷில் சொல்லுவேன். அமெரிக்கர் எதற்கெடுத்தாலும் "வொண்டர்ஃபுல்!" என்பார். அதை அப்படியே சொன்னால் பிரெஞ்சுக்காரர் தன்னைக் கிண்டல் செய்வதாக நினைப்பார். அதனால் "பா மால்" என்று குறைத்துச் சொல்லுவேன். பா மால் என்றால் நம்முடைய "பரவாயில்லை". பிரெஞ்சுக்காரர் வாயில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது. இப்படியாக ஆறு வாரம் இரண்டு தேசங்களும் என் பொய்யில் சமாதானமாக இருந்தன. எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. இரண்டு பேருடைய நெளிவு சுளிவும் எனக்கு அத்துப்படி என்றே நினைத்தேன்.

நாலாவது வாரம் அமெரிக்கர் என் தோளில் கை போட்டார். "நீ கெட்டிக்காரன். இந்த ஊரில் என்ன செய்கிறாய்? சிகாகோவுக்கு வந்துவிடு. என் வீட்டிலேயே தங்கலாம். உனக்கு ஒரு வேலை பார்த்துவிடலாம்!" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நம் ஊரில் ஒருவன் "என் வீட்டில் தங்கு" என்றால் அதற்கு ஒரு கனம் உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமையே குரும்பலூருக்கு ஓடினேன்.

"மாமா, அமெரிக்காவுல வேலை. துரையே கூப்புட்டுட்டாரு" என்றேன்.

மாமனாருக்கு முகம் மலர்ந்தது. "அமெரிக்காவா! நான் அன்னைக்கே சொல்லல, மாப்ள பெரிய ஆளா வருவாருன்னு?" என்றார், எப்போதும் சொல்லாத ஒன்றை. ஒரு வாரத்தில் குரும்பலூர், பெரம்பலூர், அரியலூர் பஜார் வரைக்கும் செய்தி பரவிவிட்டது. "பொண்ண எப்ப கூட்டிட்டுப் போலாம்?" என்று கேட்டேன். "கப்பல் டிக்கெட் வரட்டும் மாப்ளே" என்றார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்று போனதை அன்று நான் கவனிக்கவில்லை.

கடைசி வாரம் பிரெஞ்சுக்காரர் என்னைக் கூப்பிட்டார். மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். பாய் சூப்போடு நின்றுகொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரர் கைத்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "பாண்டிச்சேரியில் என் காட்சிசாலைக்கு ஓர் உதவியாளர் வேண்டும். நிரந்தரமான வேலை. குடும்பத்தோடு இருக்க இரண்டு அறை உள்ள வீடும் உண்டு. உங்களுக்கு விருப்பமா, மொஸ்யே?"

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. நிரந்தரம் என்ற சொல்லையும் குடும்பம் என்ற சொல்லையும் ஒரே மூச்சில் என்னிடம் சொன்ன முதல் மனிதர் அவர்தான். சிகாகோ யாருக்கு வேண்டும்? பாண்டிச்சேரிக்கு பஸ்ஸிலேயே போய்விடலாமே! இப்படிப்பட்ட நேரத்தில் நம் ஊரில் யாரும் நன்றி என்று வாய் திறந்து சொல்வதில்லை. மாமியார் போட்ட காப்பிக்கு நன்றி சொன்னால், "என்ன மாப்ள, நான் அசலாளா?" என்று அவர் அழுதுவிடுவார். ஆனால் நான்தான் பிரெஞ்சு மரியாதையில் எழுபத்திரண்டு மார்க் வாங்கினவன் ஆயிற்றே. நெஞ்சில் கை வைத்து, நம் வழக்கப்படி தலையைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டி, "மெர்சி, மொஸ்யே" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "புரிகிறது" என்றார். லேசாகத் தலை குனிந்தார். பிறகு சூப்பைச் சாப்பிட ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். காரியம் பழமாகிவிட்டது என்று நான் பறந்துகொண்டிருந்தேன். மறுநாள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். பிரெஞ்சுக்காரர் எல்லோருக்கும் தனித்தனியாகக் கை கொடுத்தார். அமெரிக்கர் என்னைக் கட்டிப்பிடித்து, "சிகாகோவில் சந்திப்போம்!" என்று கத்திக்கொண்டே ஜீப்பில் புழுதி கிளப்பிப் போனார்.

ஒரு மாதம் பாண்டிச்சேரிக் கடிதத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது, எனக்கு அல்ல, தாசில்தாருக்கு. பிரெஞ்சில் இருந்ததால் என்னையே கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். நின்றபடி மொழிபெயர்த்தேன். "தங்கள் உதவிக்கு வந்தனம். தாங்கள் அனுப்பிய குமாஸ்தாவின் பிரெஞ்சு பரவாயில்லை" என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்தது. அடுத்த வரி: "அவரை என்னிடமே வேலைக்கு வைத்துக்கொள்ள விரும்பினேன். மிகுந்த பண்போடு மறுத்துவிட்டார். அமெரிக்கா போகிறார் என்று பிறகு அறிந்தேன். காரைக்காலிலிருந்து வேறொருவரை நியமித்துவிட்டேன்."

என் தலையெழுத்தை நானே மூன்றாம் மனிதனுடையது போல் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்யா வேண்டான்ன?" என்றார் தாசில்தார். "சரி, நீதான் அமெரிக்கா போறியாமே. ஊரே பேசுது. அதான் ஒன் வேலைய நெலையாக்கச் சொல்லி நான் மேல எழுதல. போறவனுக்கு எதுக்குய்யா நெலையான உத்தியோகம்?"

அன்றே அரியலூருக்குப் போய், பங்களாவில் பாயைப் பிடித்தேன். "நீங்கதான பாய் பக்கத்துல நின்னீங்க? நான் என்னைக்கு வேண்டாம்னு சொன்னேன்?"

பாய் என்னை விநோதமாகப் பார்த்தார். "மெர்சின்னு சொன்னீங்களே தம்பி. நான் 'இன்னும் கொஞ்சம் ஊத்தவா'ன்னு ஜாடை காட்டுனா, அந்தத் துரை மெர்சிம்பாரு, நான் கிண்ணத்த எடுத்துட்டுப் போயிடுவேன். குடுக்கும்போது வெறும் மெர்சின்னா அவங்களுக்குப் போதும், வேண்டாம்னு அர்த்தம். நீங்க தலைய வேற இப்புடியும் அப்புடியும் ஆட்டுனீங்க. பாண்டிச்சேரிங்கிற பேரு மட்டும் காதுல வுழுந்துச்சு. அமெரிக்கா போற புள்ளைக்கு அது எதுக்குன்னு நானும் வுட்டுட்டேன்."

ஒரு எழுத்து பிரெஞ்சு படிக்காதவர் அவர். கிண்ணத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம், பிரெஞ்சுக்காரர்மேல் அதைவிடக் கோபம். நம் ஊர்க்காரராக இருந்திருந்தால், நான் நிஜமாகவே வேண்டாம் என்று கையை நீட்டி மறித்திருந்தாலும், "அட, சும்மா சாப்புடுங்க" என்று உத்தியோகத்தை இலையில் வைத்துவிட்டல்லவா போயிருப்பார்! ஒரு தரம் வேண்டாம் என்றதும் நிறுத்திக்கொள்கிற மனிதரை என்னவென்று சொல்வது? பதறிப்போய் அவருக்கு எழுதினேன். இடம் நிரம்பிவிட்டது, வருந்துகிறேன் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சிகாகோவுக்கு மூன்று கடிதம் போட்டேன். உயரமான கட்டடம் ஒன்றின் படம் போட்ட கார்டு வந்தது. "உன் கடிதம் கண்டு மெத்த மகிழ்ச்சி! இந்தப் பக்கம் வந்தால் அவசியம் எட்டிப் பார்!" கீழே பொடி எழுத்தில்கூட வேலை என்ற சொல் இல்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஊரில் அது "சௌக்கியமா" என்பது போல ஒரு பேச்சாம். சிகாகோவுக்கு எட்டிப் பார்க்கிற தூரத்திலா பெரம்பலூர் இருக்கிறது?

கரிப்புகை பஸ்ஸில் குரும்பலூர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

"அதனால என்னங்க மாப்ளே. எல்லாம் நேரந்தான்" என்றார்.

"இந்த ஆவணியிலயாவது அனுப்பி வைங்க, மாமா. ஆக்டிங்கா இருந்தாலும் வேலை இருக்கு. சின்னதா ஒரு வூடு பாத்துருக்கேன்."

"பாக்கலாம் மாப்ளே" என்றார், அதே வெண்ணெய்க் குரலில். "மொதல்ல காப்பி சாப்புடுங்க."

இதற்கு எனக்கு அகராதி வேண்டியதில்லை. எங்கள் பக்கம் பெண் கேட்டவனுக்கும், நிலம் கேட்டவனுக்கும், மழை வருமா என்று கேட்டவனுக்கும் சொல்கிற பதில் அது. அடுத்த ஆவணிக்கும் அதற்கடுத்த ஆவணிக்கும் சேர்த்தே அவர் சொல்லிவிட்டார். காப்பியைக் குடிக்காமல் எழுந்தேன். அழுகை வந்தது. வாசற்படி இறங்கி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நில்லுங்க."

கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டியவள் வாசலுக்கே வந்துவிட்டாள். இரண்டு வருஷமாக நான் முழு முகத்தைப் பார்க்கவில்லை. இளைத்திருந்தாள்.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "ஆடியில என்னக் கொண்டாந்து விட்டதுலேருந்து எங்கப்பாவக் கேட்டீங்க. தாசில்தாரக் கேட்டீங்க. அந்தத் தொரையக் கேட்டீங்க, இந்தத் தொரையக் கேட்டீங்க. என்ன ஒரு தரமாவது கேட்டீங்களா?"

மாமனார் வீட்டில் பெண்டாட்டியிடம் நேராகப் பேசக் கூடாது, எதுவானாலும் பெரியவர்கள் மூலமாகத்தான் என்பது எங்கள் வழக்கம். நானும் அப்படியே இருந்துவிட்டேன். அதை யோசித்ததுகூட இல்லை.

"உள்ள போம்மா" என்றார் மாமனார்.

அவள் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "வா, போலாம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் போகவில்லை.

"ஒத்த எழுத்துங்க அது" என்றாள். "இதச் சொல்றதுக்கா ரெண்டு வருசம்?"